மழை விட்ட பிறகு ஒரு மணி நேரம்



மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் பள்ளியின் இயற்கைக் கழகத்திற்கும் வேலை தொடங்கிவிடும். கிந்தா பள்ளத்தாக்கில் ஏப்ரல் மாதத்தை ஒட்டி ஒரு முறையும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் இன்னொரு முறையும் மழை வலுக்கும். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பிற்பகலில் மலைப்பக்கம் கறுத்து, இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கும். அந்த மழை விட்ட பிறகு, இருட்டுவதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில்தான் எங்கள் மாணவர்கள் காட்டுயிர்களைப் படம் பிடிக்கக் கிளம்புகின்றனர்.

இதனை அறிந்த தாயார் ஒருவர் அண்மையில் என்னிடம் நேரில் வந்து கேட்டார். “டீச்சர், மழை நேரத்துல பிள்ளைய எதுக்கு வெளிய கூட்டிட்டுப் போறீங்க? காய்ச்சல் வந்தா யாரு பார்க்கிறது? தவளையும் நத்தையும் படம் புடிச்சி என்ன ஆகப் போவுது?”

கேள்வி நியாயமானதே. அதற்கு நின்ற இடத்தில் சுருக்கமாக விடை சொன்னேன்; அவருக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவரைப் போல எண்ணும் பெற்றோர் பலர் இருக்கக்கூடும். மழையைக் கண்டதும் வகுப்பறைச் சன்னலைச் சாத்திவிடும் ஆசிரிய நண்பர்களும் இருக்கக்கூடும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகின்றேன்.

நம்மவர்களுக்கு மழையின் மீது இருக்கும் வெறுப்பு வெறும் காய்ச்சல் பயத்தால் வந்ததன்று என்பது என் எண்ணம். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நான்கரை மணிக்குத் தகரக் கூரையில் மழைச் சத்தம் கேட்டால் அவர் ஒன்றும் பேசமாட்டார். அரிசி டின்னைத் திறந்து ஒரு முறை பார்ப்பார், மூடிவிடுவார். அவ்வளவுதான். பட்டை நனைந்திருந்தால், வெட்டுக்கோட்டின் வழியே இறங்க வேண்டிய பால் மரமெங்கும் பரவி வழிந்து வீணாகும். மங்கில் விழும் பாலோடு மழைநீர் கலந்துவிடும். ஈரப்பட்டையில் கத்தி வைத்தால் வெட்டிய இடத்தில் பூஞ்சை நோயும் பற்றும். ஆகவே மழை நாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. தொடர்ந்து ஒரு வாரம் மழை பெய்தால் தோட்டத்து மளிகைக் கடையில் கணக்கு ஏறும். பிள்ளைகளாகிய எங்களுக்கோ மழை என்றால் கொண்டாட்டம். ஆனால் வீட்டில் பெரியவர்கள் முகத்தைப் பார்த்து அந்தக் கொண்டாட்டத்தை அடக்கிக்கொள்ளப் பழகியிருந்தோம்.

பேராக்கின் இரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாக மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் ஈப்போவுக்கும் புந்தோங்கிற்கும் பிற பட்டணங்களுக்கும் குடிபெயர்ந்தனர். இன்று எங்கள் பள்ளிப் பெற்றோரில் பால்மரம் வெட்டுபவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் வானம் கறுத்தால் முகம் சுருங்கும் வழக்கம் மட்டும் அவர்களோடு கூடவே வந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த நாட்டில் காட்டுயிர்களை மிக அருகில் கண்டு வாழ்ந்த தமிழர்கள் யார் என்று கேட்டால், அந்தப் பால்வெட்டுத் தொழிலாளர்களைத்தான் சொல்ல வேண்டும். தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரைக்குள் நடந்தவர்கள் அவர்கள். மரநாயின் கண் எந்த நிறத்தில் மின்னும், காட்டுப்பன்றி கிளறிய மண் எப்படி இருக்கும், நல்ல பாம்பு எந்தப் புற்றில் கிடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. யாரும் அவர்களிடம் இவற்றைக் கேட்டதில்லை. அவர்களும் எழுதி வைக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் அறிவியல் கற்பிக்கும் முறைகளைப் பயின்ற காலத்தில், ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் அமர்ந்து கண்டதையெல்லாம் எழுதிவரும்படி விரிவுரையாளர் பணித்தார். எங்கள் குழுவில் பலர் அரைப் பக்கத்தோடு திரும்பினர். அன்று என் மனத்தில் அம்மா வந்தார். அவரை அமர்த்தியிருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் போதாது.

கழகத்தைத் தொடங்கிய புதிதில் மாணவர்கள் கேட்ட முதல் கேள்வி, “டீச்சர், புலி எப்போ?” என்பதுதான். பிள்ளைகள் மீது குறையில்லை. தொலைக்காட்சியில் அவர்கள் பார்ப்பது அதைத்தான். நம் மாநிலத்தின் வடக்கே, 2007ஆம் ஆண்டில் மாநிலப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்ட ரோயல் பெலும் காட்டில் புலி உண்டு. ஆனால் அங்கே புலியைப் படம் பிடிப்பவை பெரும்பாலும் மனிதர் கைகள் அல்ல. மரத்தில் கட்டிவைக்கப்படும் தானியங்கிப் படக்கருவிகளே. சூடான உடலொன்று முன்னால் அசையும்போது, அதற்கும் சுற்றுப்புறத்திற்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை உணர்ந்து அக்கருவி தானே படம் எடுக்கும். புலியின் வரிகள் நம் கைரேகை போல ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், படங்களை ஒப்பிட்டு எத்தனை புலிகள் என்று கணிக்கின்றனர். 2016 முதல் 2020 வரை நடைபெற்ற முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, தீபகற்ப மலேசியக் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளதாகக் காட்டிற்று. மழையிலும் ஈரத்திலும் அக்கருவிகள் படும் பாடு சொல்லி முடியாது. கண்ணாடியில் நீர் படியும்; பெட்டிக்குள் எறும்பு குடியேறும்; யானை பிடுங்கி எறிந்துவிட்டுப் போகும். வாரக்கணக்கில் நடந்து சென்று அவற்றைப் பார்த்துவருவோர் இருக்கின்றனர். அது அவர்கள் பணி. பத்து வயதுப் பிள்ளைக்கு உரியது வேறு.

அந்த வேறு எது என்பதை எங்களுக்குக் காட்டியது பள்ளியின் பின்புறம் இருந்த ஒரு நெகிழித் தொட்டி.

தோட்டவேலைக்காக வைத்திருந்த தொட்டி அது. இரண்டு நாள் கனத்த மழை. மூன்றாம் நாள் காலை, தொட்டிக்கு மேலே சாய்ந்திருந்த சேம்பு இலையில் சவர்க்கார நுரை போல ஒரு வெள்ளைத் திரள் ஒட்டியிருந்தது. யாரோ எச்சில் துப்பி வைத்ததாக ஒரு மாணவி முகத்தைச் சுளித்தாள். துப்புரவுப் பணியாளர் அம்மா அதைத் துடைக்கத் துணி எடுத்துவிட்டார். நல்ல வேளை, நான் அங்கிருந்தேன். அது மரத்தவளையின் கூடு. நம் வட்டாரத்தில் வீட்டுத் தோட்டங்களில்கூடக் காணப்படும் பழுப்பு நிறத் தவளை. சிலவற்றின் முதுகில் நான்கு கோடுகள் இருக்கும். மழை இரவில் பெண் தவளை தான் சுரக்கும் நீர்மத்தைப் பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். நுரை முட்டைகளைக் காயாமல் காக்கும். சில நாட்களில் தலைப்பிரட்டைகள் வெளிப்பட்டு, நேராகக் கீழே உள்ள நீரில் விழும். இடம் பார்த்துத்தான் அது கூடு கட்டியிருக்கிறது!

இங்கே ஒரு சிக்கல். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு பெருகும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொசுப் புழு இருக்குமாறு நீரைத் தேங்கவிடுவது குற்றம். பள்ளிகளில் வாரந்தோறும் சோதிக்கின்றோம். டிங்கியால் பிள்ளைகள் மருத்துவமனையில் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். இதில் தளர்வுக்கு இடமே இல்லை. தலைமையாசிரியை வந்து பார்த்தார். “தொட்டியைக் கவிழ்த்தே ஆக வேண்டும், டீச்சர்” என்றார். அவர் சொன்னது சரி. மாணவர்கள் நுரையைப் பார்த்தனர், தொட்டியைப் பார்த்தனர், பிறகு என்னைப் பார்த்தனர்.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன்தான் வழி சொன்னான். அவன் வீட்டில் மீன் வளர்க்கின்றனர். இலையைக் காம்போடு நறுக்கி, ஓர் அகன்ற பேசினில் சுத்தமான நீர் விட்டு, அதன் மேல் இலையைக் கட்டித் தொங்கவிட்டு, முழுவதையும் கொசுவலைத் துணியால் மூடிவிட்டால் கொசு முட்டையிட முடியாது அல்லவா? செய்தோம். தொட்டி கவிழ்க்கப்பட்டது. பள்ளியில் மாணவர்களுக்குக் கைப்பேசி அனுமதியில்லை; ஆகவே என் கைப்பேசியை ஒரு பழைய பால்மாவு டின்மீது சாய்த்துவைத்து, ஓய்வு நேரத்தில் முறை வைத்துக் காணொலி எடுத்தனர். முதல் இரண்டு நாட்களும் ஒன்றுமே நடக்கவில்லை. இருபது நிமிடக் காணொலியில் அசைவது துணியின் ஓரம் மட்டுமே. இன்றைய பிள்ளைகளுக்கு ஒன்றும் நடக்காததைப் பார்த்துப் பழக்கமில்லை. பாதிப் பேர் கழன்றுகொண்டனர்.

மூன்றாம் நாள் மாலை மீண்டும் மழை. நுரை இளகிக் கூம்பு போலக் கீழே இறங்கிற்று. அதன் நுனியில் கரிய புள்ளி ஒன்று துடித்து, சொட்டென்று நீரில் விழுந்தது. பிறகு இன்னொன்று. எடுத்தவள் நான்காம் ஆண்டு மாணவி. கை நடுங்கியதால் படம் ஆடுகின்றது. பின்னணியில், “விழுந்துச்சு! விழுந்துச்சு!” என்ற கூச்சல். நாற்பத்தேழு நொடிக் காணொலி. அதைப் பள்ளி ஒன்றுகூடலில் காட்டினோம். நுரையைத் துடைக்க வந்த அந்தப் பணியாளர் அம்மாதான் முன்வரிசைக்கு வந்து பார்த்தார். “தோட்டத்துல இருந்தப்ப இத எத்தனையோ தடவ பார்த்திருக்கேன் டீச்சர். கெணத்தடியில தொங்கும். தவளைக் கூடுன்னு தெரியும், துடைக்கக்கூடாதுன்னு எங்க ஆத்தா சொல்லும். இப்ப எல்லாம் மறந்துபோச்சு” என்றார். தலைப்பிரட்டைகளை மறுநாள் வேலிக்கு அப்பால் உள்ள செம்பனைக் காட்டு ஓடையின் ஓரத்தில் விட்டோம்.

அவர் சொன்னதிலிருந்துதான் எனக்கு ஓர் எண்ணம் பிறந்தது. அதற்குப் பிறகு எந்த மாணவனும் படம் பிடிக்கப் போகுமுன் வீட்டில் ஒரு பெரியவரிடம் கேட்டுவர வேண்டும் என்று விதி வைத்தேன். மழை விட்டால் இங்கே என்ன வரும்? எங்கே வரும்? எத்தனை மணிக்கு? இம்மூன்றும் கேள்விகள். முன்பு பாட்டியின் அறைப்பக்கம் போகாத பிள்ளைகள் இப்போது நோட்டுப் புத்தகத்தோடு போகின்றனர். ஈசல் எழும்பும் மாலையைக் காற்றின் புழுக்கத்தை வைத்துச் சொல்லும் தாத்தா ஒருவர் கிடைத்தார். ஈசல் எழும்பினால் கரிச்சானும் பல்லியும் தேரையும் விளக்குக் கம்பத்தைச் சுற்றிக் கூடிவிடும். படம் எடுக்க நாம் எங்கும் போக வேண்டியதில்லை, வீட்டு வாசலே போதும்.

இனி, தேன்சிட்டின் கதை. பழைய தோட்டத்தை ஒட்டிய தாமானில் பாட்டியோடும் பெற்றோரோடும் வசிக்கும் ஆறாம் ஆண்டு மாணவன் அவன். நவம்பர் மாதம். வீட்டு முன்கூரையின் விளிம்பில், துணி காயப்போடும் கம்பியில், செம்பருத்தி இலைகளுக்குள் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. அந்தக் கூட்டை நீங்கள் உற்றுப் பார்த்ததுண்டா? தொங்கும் சுருக்குப்பை போல இருக்கும். வாசலுக்கு மேலே சிறு தாழ்வாரம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், மழை உள்ளே அடிக்காதபடி. பெண் சிட்டுதான் கட்டும், அதுதான் அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகு இரண்டும் இரை கொடுக்கும்.

பள்ளிக் கண்காட்சிக்குக் குஞ்சு இரை வாங்கும் படம் வேண்டும் என்பது மாணவனின் ஆசை. ஆனால் இரண்டு இலைகள் வாசலை மறைத்தன. அவனுடைய அப்பா உதவிக்கு வந்தார். “அந்த ரெண்டு இலையக் கிள்ளிட்டா தெளிவா தெரியும்டா.” உள்ளிருந்து பாட்டியின் குரல் வந்தது. “கிள்ளாத. அது அதுக்குக் குடை.”

பாட்டி முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். பேரனைப் பத்தடி தள்ளி ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். முதல் நாள் படம் எடுக்கவே விடவில்லை. அது எத்தனை முறை வந்து போகிறது என்று எண்ணச் சொன்னார். மழை தூறும்போது தாய்ச்சிட்டு கூட்டைவிட்டு நகரவில்லை. வாசலில் அலகு மட்டும் தெரிந்தது. மழை விட்டதும் ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை போய் வந்தது. நான்கு மாலைகள் உட்கார்ந்தான். கிடைத்த படத்தில் முக்கால் பங்கு இலை. மீதியில் வளைந்த அலகின் நுனியும், மங்கலாக இரண்டு சிறு வாய்களும். அப்பாவுக்கு அது படமாகவே தெரியவில்லை. “இதப் போயி சுவத்துல ஒட்டுவாங்களா?” என்று சிரித்தாராம்.

அதைத்தான் நடுவில் ஒட்டினோம். வேறு பள்ளியிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர், “இலையை விலக்கியிருக்கலாமே, தம்பி?” என்று கேட்டபோது அவன் சொன்ன விடை: “பாட்டி விடல சார்.”

பாட்டி விடாததற்கு அறிவியல் காரணம் உண்டு. இறகு முளைக்காத குஞ்சுக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. மழை நேரத்தில் நாம் நெருங்கித் தாய்ப்பறவை பறந்துவிட்டால், நனைந்த குஞ்சு குளிரில் விறைத்து இறந்துபோகும். இலையை நீக்கிவிட்டால் வெயிலும் படும், காகமும் பார்த்துவிடும். நாம் படத்தோடு வீட்டுக்குப் போய்விடுவோம். கூட்டில் பிறகு நடப்பது நமக்குத் தெரியப்போவதில்லை. மறு வாரம் அந்தக் கூடு வெறுமையாக இருந்தது. கூடு கிழியவில்லை, ஆகவே பறந்துதான் போயிருக்கும் என்று பாட்டி தீர்ப்புச் சொன்னார். நானும் நம்புகின்றேன்.

வயது வந்தவர்கள் சிலருக்கு இந்தப் பாட்டியின் பொறுமை இல்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்து காஜா சுற்றுவட்டாரத்தில், ஈய லம்பங்கள் விட்டுச்சென்ற பழைய குட்டைகள் இன்று கொக்கு, நாரைகளின் குடியிருப்பாகியுள்ளன. மனிதன் தோண்டிவிட்டுக் கைவிட்ட பள்ளத்தைப் பறவை எடுத்துக்கொண்டது. ஒரு முறை மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றோம். நீண்ட குழல் பொருத்திய விலையுயர்ந்த படக்கருவியோடு ஒருவர் நின்றிருந்தார். கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டுமாம். உடன் வந்தவரைவிட்டுப் புதருக்குள் கல்லெறியச் செய்தார். பறவைகள் அனைத்தும் எழும்பின. மழை மேகம் திரண்டிருந்த நேரம் அது. “டீச்சர், கூட்டுல முட்டை இருந்தா?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவர் காதிலும் விழுந்திருக்கும். பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் கூட்டையும் முட்டையையும் எடுப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியும். எடுக்காமலே கெடுக்க முடியும் என்பதுதான் தெரிவதில்லை.

இவ்விடத்தில் ஆசிரியர்களுக்கு ஒருவரை அறிமுகம் செய்யத் தோன்றுகிறது. தொடக்ககாலத் தமிழ் நாவலாசிரியர்களுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கை அறிஞர். இந்தியாவின் சிறந்த காட்டுயிர் நிழற்படக் கலைஞர்களுள் ஒருவர். கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட படக்கருவியைப் பயன்படுத்தினார். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் இறக்கும் வரை 46 ஆண்டுகள் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதிவந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைத் தொகுப்பின் பெயரே ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்பதாகும், தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். பள்ளி நூலகத்தில் இருக்க வேண்டிய நூல். படச்சுருள் காலத்தில் ஒவ்வொரு படத்திற்கும் காசு. ஆகவே முதலில் பார்த்தனர், பிறகு எடுத்தனர். இன்று முதலில் எடுக்கின்றோம். பலர் பிறகும் பார்ப்பதில்லை.

இனி நத்தைக்கு வருகின்றேன். அந்தத் தாயார் குறிப்பாக நத்தையைத்தான் கேலி செய்தார்.

ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் நம் பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல. தைப்பூசத்திற்குக் காவடி போகும் குனோங் செரோ சுப்பிரமணியர் ஆலயமே ஒரு குன்றை ஒட்டித்தான் உள்ளது. வெயில் நாளில் இக்குன்றுகளின் பாறை வெறுமையாகத் தோன்றும். மழை பெய்து பாறையில் ஈரம் ஊறினால், அதுவரை பிளவுகளில் ஒடுங்கியிருந்த சிறு நத்தைகள் பாசியை மேய வெளியே வரும். சுண்ணாம்பு நத்தைக்கு ஓடு கட்ட உதவும். ஒரு குன்றுக்கும் அடுத்த குன்றுக்கும் இடையே அவை கடக்க முடியாத சமவெளி இருப்பதால், ஒவ்வொரு குன்றும் ஒரு தீவு போல. ஒரு குன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லாமலும் போகலாம். ஈப்போவின் குனோங் ராப்பாட்டில் கண்டறியப்பட்டு 2008ஆம் ஆண்டில் ‘ஒபிஸ்தோஸ்தோமா வெர்மிகுலம்’ என்று பெயரிடப்பட்ட நத்தையின் ஓடு, நான்கு வெவ்வேறு அச்சுகளில் சுருள்கின்றது. சாதாரண நத்தை ஓடு ஓர் அச்சில் மட்டுமே சுருளும். இதன் அளவு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. செம்மோர் அருகே குனோங் கந்தானில் 2014இல் ஒரு பல்லி இனமும், 2015இல் ஒரு பொறிக்கதவுச் சிலந்தி இனமும் புதியனவாக அறிவிக்கப்பட்டன. அந்தக் குன்று சிமெண்டுக்காக வெட்டப்பட்டும் வருகின்றது. வெட்டிய குன்று மீண்டும் வளராது. அதில் மட்டுமே வாழ்ந்தது வேறெங்கும் போய்ப் பிழைக்காது. சிமெண்டு இல்லாமல் நம் வீடும் இல்லை, பள்ளியும் இல்லை என்பதும் உண்மை. வகுப்பில் இதைப் பேசியபோது மாணவர்கள் இரு பக்கமும் நின்று வாதிட்டனர், நான் முடித்துவைக்கவில்லை.

அந்த இரண்டு மில்லிமீட்டர் நத்தையை நாங்கள் நேரில் கண்டதில்லை. ஆய்வாளர் வெளியிட்ட படத்தைத்தான் மாணவர்களுக்குக் காட்டினேன். நாங்கள் எடுத்தவை, குன்றிலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்த பாறைகளில் ஊர்ந்த வேறு நத்தைகள். வெகுதூரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1973ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் குனோங் செரோவில் பெரும் பாறை பெயர்ந்து குடியிருப்பின் மீது விழுந்து சுமார் 40 பேர் மாண்டனர். பாட்டிகள் பலர் இன்னும் அதைச் சொல்வர். மழை நாளில் குன்றின் அடிவாரத்தில் எந்தக் குழந்தையையும் நிறுத்தக்கூடாது. எங்களுக்கு அது மாற்றமில்லாத விதி.

பெற்றோர்களின் அச்சத்திற்கு நேரடியான விடையையும் தந்துவிடுகின்றேன். மழை பெய்யும்போது நாங்கள் வெளியே போவதில்லை. கடைசி இடிச்சத்தம் கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே கதவைத் திறப்போம். நம் நாட்டில் மின்னல் மிகுதி, திறந்த திடலில் குடையோடு நிற்பதைப் போல ஆபத்து வேறில்லை. மூடிய காலணி கட்டாயம். காலில் புண் உள்ள பிள்ளை அன்று வகுப்பறையிலேயே இருந்து படங்களைத் தொகுக்கும். தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் கலந்திருந்தால் புண் வழியாக நோய் தொற்றும். ஆற்றோரம், கால்வாயோரம் செல்வதே இல்லை. கைகளை ஊன்றுமுன் இடத்தைப் பார்க்க வேண்டும், பாம்பும் ஈரத்திற்கு மேட்டைத் தேடி வரும். பாம்பைக் கண்டால் படம் இல்லை, பின்வாங்குவது மட்டுமே. அட்டை கடித்தால் அலறத் தேவையில்லை, நகத்தால் நெம்பி எடுத்துக் கழுவினால் போதும். இதைச் சொல்லிக்கொடுத்ததும் ஒரு தாத்தாதான். கழகம் தொடங்கிய நாள் முதல் இதனால் ஒரு பிள்ளையும் காய்ச்சலில் படுத்ததில்லை.

படக்கருவிக்கும் காய்ச்சல் உண்டு. குளிரூட்டிய காரிலிருந்தோ அறையிலிருந்தோ எடுத்தவுடன் வெளியே நீட்டினால் கண்ணாடியில் ஆவி படியும். பையிலேயே மூடிவைத்து இருபது நிமிடம் விட்டால் தானே சரியாகும். நெகிழிப்பையில் துளையிட்டுக் குழலை மட்டும் வெளியே விட்டு இரப்பர் வளையம் போட்டால் தூறலைத் தாங்கும். (இரப்பர் வளையத்தைப் பார்த்ததும் எங்கள் பாட்டிமார் ஒருவர் சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர இயலாது.) வீட்டுக்கு வந்ததும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட இறுக்கமான டப்பாவில் வைக்க வேண்டும். இல்லையேல் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். எடுக்கச் செலவு மிகுதி. விலையுயர்ந்த கருவி தேவையில்லை. எங்களிடம் இருப்பவை என் கைப்பேசியும், நூலகத்தில் கிடந்த பழைய எண்மப் படக்கருவி ஒன்றும்தான். நனைந்த பின்னணி இருட்டாக இருந்தால் மழைத்துளியும் படத்தில் தெரியும். வெள்ளை வானத்தைப் பின்னால் வைத்தால் ஒன்றும் தெரியாது. இதை நான் சொல்லவில்லை, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி தானாகவே கண்டுபிடித்து எனக்குச் சொன்னாள்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகும், “இதற்கு மதிப்பெண் உண்டா?” என்று கேட்கும் பெற்றோர் இருக்கின்றனர். மதிப்பெண் இல்லை. ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழும் ஐந்து வரி தமிழில் எழுத வேண்டும்: எங்கே, எப்போது, மழை விட்டு எவ்வளவு நேரம், என்ன செய்துகொண்டிருந்தது, யார் சொல்லித் தெரிந்துகொண்டாய். கட்டுரை என்றால் முகம் கோணும் பையன்கள் இதை எழுதுகின்றனர். கடைசி வரியில் பாட்டி, தாத்தாக்களின் பெயர் வருகின்றது. கண்காட்சியில் தன் பெயரைப் பார்த்த அந்தப் பாட்டி, எழுத்துக்கூட்டி இரண்டு முறை வாசித்தார்.

பெயர்கள்தாம் இப்போது எங்களுக்குத் தலைவலி. மலாய்ப் பெயர் கிடைக்கின்றது, ஆங்கிலப் பெயர் கிடைக்கின்றது. இந்நாட்டு உயிர்கள் பலவற்றிற்குத் தமிழ்ப் பெயர் நூல்களில் இல்லை. நுரைக்கூடு கட்டும் தவளையை மாணவர்கள் ‘நுரைத்தவளை’ என்று எழுதிவிட்டனர். குனோங் ராப்பாட் நத்தைக்கு ‘நாற்சுருள் நத்தை’ என்று நான் முன்மொழிந்தேன். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “முறுக்கு நத்தை டீச்சர்” என்றாள். வெள்ளிக்கிழமை கழகக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. என் பெயர் தோற்கும் என்றே தோன்றுகிறது.